கட்டுப் பிரித்தாச்சே, இன்னும் ஏன் நொண்டுறே?

பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பலர் வலி, வீக்கம், எக்சர்சைஸ் எல்லாம் பேசி முடித்துவிட்டு, செருப்பை மாட்டும் நேரத்தில்தான் மனதில் கிடப்பதைச் சொல்வார்கள். "எல்லாரும் இன்னுமா சரியாகலைன்னு கேக்கிறாங்க, என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை." சிலருக்குக் காயத்தின் வலியைவிட இந்தக் கேள்விதான் அதிகம் வலிக்கிறது.

கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரிவது மாவுக்கட்டு மட்டும்தான். கட்டு இருக்கும்வரை நாற்காலி போடுவார்கள், பையை வாங்கிக்கொள்வார்கள், அதைப் பிரித்த அன்றே "அப்பாடா, முடிஞ்சுது" என்று எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் கட்டுப் பிரித்த அன்றைக்கு அந்தக் காலைப் பார்த்திருக்கிறீர்களா? கெண்டைச்சதை வற்றிப்போய், தோல் காய்ந்து செதில் செதிலாக உரிந்து, பாதத்தை மேலே மடக்கச் சொன்னால் மடங்காமல், இன்னொரு காலுக்குப் பக்கத்தில் வேறு யாருடைய காலோ மாதிரி இருக்கும். அசைக்காமல் வைத்த ஓரிரு வாரத்திலேயே தசை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கரையத் தொடங்கிவிடும், கரைந்த வேகத்தில் அது திரும்ப வராது, பல மடங்கு நாள் எடுக்கும். எலும்பும் அப்படித்தான். 6 முதல் 12 வாரத்தில் கூடிவிட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தாலும், அது பழைய வடிவத்துக்கும் பலத்துக்கும் தன்னைத் திருத்திக்கொள்வது மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்தையும் தாண்டி நடக்கும். அதனால் நீங்கள் நொண்டுவது சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை.

முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்தவர்களுக்கு இதில் பெரிய ஆபத்தே இருக்கிறது. புதிதாக வைத்த ஜவ்வுக்கு உடனே ரத்த ஓட்டம் கிடைத்துவிடாது, உடம்பு அதை மெல்ல மெல்லத்தான் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளும். அந்த இடைக்காலத்தில், அதாவது முதல் சில மாதங்களில், வைத்தபோது இருந்ததைவிட அது பலவீனமாக இருக்கும். ஆனால் அதற்குள் வலி போயிருக்கும், நடையும் சீராகியிருக்கும். "நல்லாத்தானே நடக்கிறே, விளையாட வா" என்று நண்பர்கள் கூப்பிடுவது சரியாக அந்த நேரத்தில்தான். குதித்துத் திரும்பும் விளையாட்டுக்குப் போக 9 மாதமாவது ஆகட்டும், அடிபட்ட காலின் பலம் மற்ற காலில் 90 சதவீதமாவது வரட்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம். வலி இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

ஒருவர் ஊன்றுகோலை காரிலேயே வைத்துவிட்டு ஆபீசுக்குள் போவார். "இன்னும் அதைத் தூக்கிட்டுத்தான் வரீங்களா?" என்று யாரோ ஒருமுறை கேட்டதுதான் காரணம். நாளெல்லாம் உடம்பை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து நடந்ததில், கடைசியில் என்னிடம் வந்தது அடிபட்ட கால் வலிக்காக அல்ல, இடுப்பு வலிக்காக. ஒற்றை ஊன்றுகோலை அடிபடாத பக்கத்துக் கையில் பிடித்து நேராக நடந்து காட்டச் சொன்னேன் (பாதிப் பேர் அடிபட்ட பக்கமே பிடிக்கிறார்கள், அது தப்பு). சில நாளிலேயே இடுப்பு வலி குறைந்தது. நிமிர்ந்து நடக்க உதவும் ஒன்றை வெட்கத்துக்காக விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான எதிர்பார்ப்பும் உண்டு. "எழுந்திருக்காதே, நான் எடுத்துத் தரேன், காலைக் கீழே வைக்காதே." அன்பாக வருவதால் இதை மறுப்பது இன்னும் கஷ்டம். ஆனால் டாக்டர் ஊன்றலாம் என்று சொன்ன பிறகும் ஊன்றாமல் இருந்தால் மூட்டு இறுகும், தசை இன்னும் வற்றும், ஊன்றினால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் உள்ளே வேர்விடும். பாரம் ஏறினால்தான் எலும்பே உறுதியாகும். இப்படிப்பட்ட வீட்டில் இருந்து ஒருவரையாவது பிசியோவுக்குக் கூட அழைத்து வாருங்கள். நீங்கள் ஊன்றி நிற்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் வீட்டில் பாதிப் பேச்சு தானாகக் குறைந்துவிடும்.

சரி, கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? தேதி சொல்லாதீர்கள். "அடுத்த மாசம் சரியாகிடும்" என்று வாய் விட்டுவிட்டால் அடுத்த மாதம் அதற்குக் கணக்குக் கேட்பார்கள். அதைவிட, இந்த வாரம் எது முடியும், எது முடியாது என்று சொல்லுங்கள். "ஒரு மாடி ஏறுவேன், கனமா எதையும் தூக்க மாட்டேன், அரை மணிக்கு மேல நிக்க முடியாது." வேலை இடத்துக்கு இதையே டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். எவ்வளவு முடியும் என்று உங்களுக்கே சந்தேகமா? மறுநாள் காலையில் பாருங்கள். முந்தைய நாளைவிட வலியும் வீக்கமும் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், அப்படியே இருந்தால் தொடரலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு சீக்கிரம் சரியாச்சாமே என்பதற்கெல்லாம் பதிலே தேவையில்லை. எலும்பு எந்த இடத்தில் உடைந்தது, மூட்டுக்குள் போயிருக்கிறதா, வயது, சர்க்கரை, புகைப்பழக்கம் என்று எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும்.

"எப்பப் பார்த்தாலும் வலின்னு சொல்றான்" என்று பேச்சு வருமே என்று எல்லாவற்றையும் மறைக்கப் பழகியவர்கள் சிலவற்றைக் கட்டாயம் மறைக்கக் கூடாது. கெண்டைக்காலில் திடீர் வலியோடு வீக்கம், மூச்சுத்திணறல், காய்ச்சல், தையலில் சீழ், விரல்கள் மரத்துப்போவது, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம், நாங்களும் உங்களிடம் எதிர்பார்க்கிறவர்கள்தான். திட்டுவோமோ என்று செய்யாத எக்சர்சைஸைச் செய்ததாகச் சொல்கிறவர்கள் நிறைய. அதை நம்பி நாங்கள் அடுத்த வாரம் பாரத்தைக் கூட்டுவோம், தாங்க வேண்டியது உங்கள் கால். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றே சொல்லுங்கள், நேரம் இல்லையா, வலித்ததா, பயமா என்று கேட்டு அதற்கேற்ப மாற்றித் தருகிறோம்.