கண்ணாடி போட்டால் மட்டும் போதாது: குனியோஷியின் வீரர்களுக்காக ஒரு வேண்டுகோள்

மறுபடியும் ஒரு குனியோஷி, அதாவது ஜப்பானிய ஓவியர் குனியோஷியின் மர அச்சோவியம் ஒன்று, என் மேசைக்கு வந்திருக்கிறது. ஒன்பது டிராகன்களை உடம்பில் பச்சை குத்திக்கொண்ட வீரன் ஷிஷின். சீன வீரக் கதை ஒன்றை வைத்து 1827 வாக்கில் தொடங்கிய ‘சுயிகோதென்’ வரிசையின் ஒரு தாள். ஜன்னலுக்கு நேர் எதிரே தொங்கியிருக்கிறது. சட்டத்தைக் கழற்றிச் சுற்று அட்டையை எடுத்தேன். அட்டை மறைத்த ஓரத்தில் மட்டும் சிவப்பு உயிரோடு இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளிறிய பழுப்பு.

“கண்ணாடி போட்டுத்தானே மாட்டியிருந்தோம்?” என்றார் சொந்தக்காரர்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கண்ணாடி தூசியைத் தடுக்கும், விரலைத் தடுக்கும். வெளிச்சத்தைத் தடுக்காது, தடுத்தால் படமே தெரியாதே! புற ஊதாக் கதிரை வடிகட்டும் விலை உயர்ந்த கண்ணாடியும் பாதி உதவிதான். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே இந்தச் சாயங்களை வெளுக்க வைக்கும். எல்.இ.டி. விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லை. அதன் கீழும் மங்கும், கொஞ்சம் மெதுவாக. இதுவரை பட்ட வெளிச்சமெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். அப்புறம் எத்தனை வருஷம் இருட்டில் வைத்தாலும் போன நிறம் திரும்பாது. மேலே புதுச் சாயம் தீட்டித் தருகிறோம் என்பவர்களிடம் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

இதில் இன்னொரு சிக்கல்: எல்லா நிறமும் ஒன்றாக மங்குவதில்லை. குசும்பப் பூவிலிருந்து எடுத்த ‘பெனி’ சிவப்பு சீக்கிரம் போய்விடும். நம் ஊர்க் கானாவாழையின் உறவுப் பூவிலிருந்து எடுத்த நீலம் அதைவிட மோசம். வெளிச்சமும் ஆகாது, ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆகாது. 1830 வாக்கில் பரவிய பிரஷ்யன் நீலம் ஓரளவு தாங்கும். அதனால் போர்க்களத்தில் நீலக் கவசம் பளிச்சென்று நிற்க, பக்கத்தில் சிவப்பு அங்கி சோகை பிடித்துக் கிடக்கும். ஓவியன் போட்ட சமநிலையே குலைந்துவிடும்.

“பழசு என்றால் மங்கலாகத்தானே இருக்கும்?” என்று சிலர் அந்தப் பழுப்பை ரசிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அமெரிக்கச் சேகரிப்பாளர்களான ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921-இல் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அச்சோவியங்களைக் கொடுத்தபோது, காட்சிக்கே வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அந்தத் தாள்களில் நிறங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. குனியோஷி வாழ்ந்த எடோ காலத்து ஜப்பானிய மக்கள் கடையில் காசு கொடுத்து வாங்கியது அந்தப் பளிச்சென்ற நிறங்களைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? வெயில் விழும் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள். சில மாதம் மாட்டுங்கள், பிறகு சில வருஷம் அமிலமில்லாத பெட்டியில் ஓய்வு கொடுங்கள். மாட்டும்போதும் 50 லக்ஸ், அதாவது மங்கலான வெளிச்சம் போதும். சுவரில் எப்போதும் ஒன்று வேண்டுமென்றால் நல்ல நகல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். லேமினேஷன் கூடாது. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டக் கூடாது. பதிப்பாளர் முத்திரையும் தணிக்கை முத்திரையும் பல சமயம் அங்கேதான் இருக்கும், காலத்தைக் கணிக்க எங்களுக்கு அவை வேண்டும். மடிப்பு போக இஸ்திரி போடவும் கூடாது. மையில்லாமல் அழுத்தி எழுப்பிய ‘கராசுரி’ வடிவங்கள் அதோடு தட்டையாகிவிடும்.

செலோடேப் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ‘கோசோ’ என்னும் மல்பெரி வகை மரத்தின் நார்க் காகிதம் மெல்லியது, மேல்பரப்பும் கூடவே வந்துவிடும். எப்படி இருக்கிறதோ அப்படியே காகிதப் பாதுகாப்பாளர் ஒருவரிடம் எடுத்துப் போங்கள்.