கண்ணைக் கட்டிவிட்டு பிரேக் போடலையே என்றால் எப்படி?

போன வாரம் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் டோ வண்டியில் இன்னொரு எஸ்யூவி வந்து இறங்கியது. விக்கிரவாண்டி தாண்டி, ராத்திரியில், டெயில் லைட் இல்லாமல் ஓரங்கட்டி நின்ற லாரியின் பின்னால் போய்ச் சொருகியிருக்கிறார் ஓனர். ஏர்பேக் புண்ணியத்தில் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு தப்பித்தார். என்னைப் பார்த்ததும் சண்டைதான். "தம்பி, தானா பிரேக் போடும்னுதானே கூடக் காசு கொடுத்து டாப் மாடல் எடுத்தேன்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சார், உங்கள் காரில் இருப்பது டிரைவர் இல்லை, கிளீனர். "அண்ணே, முன்னால வண்டி நிக்குது" என்று கத்துவான், முடிந்தால் பிரேக்கை மிதிப்பான். சான் பிரான்சிஸ்கோவில் ஆளே இல்லாமல் ஓடும் வேமோ டாக்சி, தானாக ஓடும் திறனுக்கான அளவுகோலில் லெவல் 4. நம் ஊர் ஷோரூமில் ஏடாஸ் (டிரைவருக்கு உதவும் சிஸ்டம்) என்று விற்பது அதிகம் போனால் லெவல் 2. லெவல் 2 என்றால் ரோட்டைப் பார்க்க வேண்டிய வேலை முழுக்க உங்களுடையது. வாட்ஸப்பில் வந்த வேமோ வீடியோவைப் பார்த்துவிட்டு பைபாஸில் ஸ்டியரிங்கை விடாதீர்கள்.

அதிலும் நின்றுகொண்டிருக்கும் வண்டி இருக்கிறதே, அதுதான் சிக்கல். பாலம், போர்டு, ரோட்டில் கிடக்கும் தகரம் எல்லாமே காரின் முன்பக்க ரேடாருக்கு எதிரொலி கொடுக்கும். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் உங்கள் மேல் ஏறிவிடுவான். அதனால் வேகமாகப் போகும்போது அசையாத பொருளை நம்பவே பல சிஸ்டங்கள் தயங்கும். மேனுவலிலேயே எழுதியிருக்கிறது. எவர் படிக்கிறார்? 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடிவிடும்.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பே நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த பெண்ணை ஒரு தானியங்கி சோதனைக் கார் இடித்துக் கொன்றது. மோதுவதற்கு 5.6 நொடி முன்பே சென்சார் அவரைப் பிடித்துவிட்டது. காரா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மாற்றி மாற்றிக் குழம்பியே நேரம் போய்விட்டது. காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தது செல்போனை.

நம் விக்கிரவாண்டிக்காரர் கதைக்கு வருவோம். பம்பருக்கு முன்னால் ஜம்மென்று ஒரு இரும்பு கார்டு. ரேடார் அதற்குப் பின்னால்தான். புல் பார் எனப்படும் இந்த மாதிரி கார்டு கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு சொல்லியாயிற்று. டேஷ்போர்டில் ஒரு மாதமாக மஞ்சள் விளக்கு எரிந்ததாம். "அது சும்மா எரியும்னு நினைச்சேன்." முன்கண்ணாடியைப் பார்த்தேன், ரோட்டைக் கவனிக்க அதன் உள்பக்கம் இருக்கும் கேமரா முன்னாலேயே ஃபாஸ்டேக். நான் என்ன சொல்ல?

தயவுசெய்து ஸ்டிக்கரை கேமராவை விட்டுத் தள்ளி ஒட்டுங்கள். முன்கண்ணாடி மாற்றினால் காலிபரேஷன், அதாவது கேமராவின் பார்வையை நேராக்கும் வேலை, செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். டார்கெட் போர்டு வைத்து, டயர் காற்று, அலைன்மென்ட் எல்லாம் சரிபார்த்துச் செய்கிற வேலை அது. "கண்ணாடிதானே, ரோட்டோரக் கடையில் பாதி விலை" என்பவர்களுக்கு ஒரு கணக்கு: கேமரா ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் திரும்பினால் 100 மீட்டர் தூரத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் தப்பும். பாதி லேன்! ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டில் சொருகி, கை வைத்திருப்பதாகக் காரை ஏமாற்றும் தம்பிகளிடம் நான் பேசுவதாக இல்லை.

நேற்று புது பம்பர், புது ரேடார் எல்லாம் மாட்டி பில் போட்டாயிற்று. சாவியை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அந்த கார்டை நெளிவெடுத்துத் திரும்ப மாட்டித் தருவீங்களா தம்பி?"