பழைய களஞ்சியச் சுவரில் சிமென்ட் வைக்காதீர்கள்

இந்த மாதமும் அப்படி ஒரு களஞ்சியம் என்னிடம் வந்துவிட்டது. இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு பண்ணை, ஓக் மரச்சட்டத்தில் கட்டிய பழைய களஞ்சியம். கீழே செங்கல் அடிச்சுவர், அதன்மேல் படுக்கையாகக் கிடக்கும் அடித்தூலம், அதில் ஊன்றிய தூண்கள். அடிச்சுவரின் செங்கல் இணைப்புகளில் இருந்த சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமென்ட் வைத்திருக்கிறார்கள். அடித்தூலத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போனது.

அதே எசெக்ஸில் கிரெசிங் டெம்பிள் என்ற பண்ணை இருக்கிறது. 1137இல் மன்னர் ஸ்டீபனின் மனைவி அரசி மட்டில்டா டெம்ப்ளர் வீரத் துறவிகளுக்குக் கொடுத்த நிலம். 13ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த பார்லிக் களஞ்சியமும் கோதுமைக் களஞ்சியமும் இன்றும் நிற்கின்றன. கூரைப் பாரத்தைத் தாங்குவது ஓக் சட்டம்; சுவர் வெறும் அடைப்புதான். ஓக் மரம் நனைந்தாலும் காய வழி இருந்தால் நூற்றாண்டுகள் நிற்கும். காய விடாமல் செய்வது நாம்தான்.

“சிமென்ட் கெட்டியானது, தண்ணீரை உள்ளே விடாது” என்று எல்லோரும் சொல்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள். தண்ணீர் எப்படியும் வரும். தரையிலிருந்து வரும், சாரலில் வரும், சிமென்ட்டில் விழும் மயிரிழை விரிசல் வழியாகவும் வரும். வந்தது எப்படி வெளியேறும் என்பதுதான் கேள்வி. பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புக் காரை அதைவிட மென்மையானது. ஈரம் காரை வழியே வெளியேறும். காலப்போக்கில் காரை தேயும். தேயட்டும், செங்கல்லுக்குப் பதிலாகத் தேய்வதுதான் அதன் வேலை. காரையை மாற்றலாம், செங்கல்லை மாற்றுவது லேசில்லை. சிமென்ட் வைத்தால் இது தலைகீழாகிவிடும். ஈரம் செங்கல்லிலேயே தங்கி, உறைபனியில் கட்டியாகி, முகப்பைச் செதில் செதிலாக உதிர்க்கும். மிச்ச ஈரம் மரத்துக்குப் போகும்.

ஈரம் என்றதும் சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்ற ஆள் வருவார். அவரை அனுப்பிவிட்டு, முதலில் வெளியே தரைமட்டத்தைப் பாருங்கள். முற்றத்துக்குப் போட்ட கான்கிரீட் அடித்தூலம் வரை ஏறியிருந்தால் காரணம் அங்கேதான். அதை வெட்டி இறக்குங்கள்.

அப்புறம் சட்ட விதிகள். பாதுகாக்க வேண்டிய பழங்கட்டடங்களுக்கு இங்கிலாந்தில் ஓர் அரசுப் பட்டியல் உண்டு. “பட்டியலில் இருப்பது வீடு மட்டும்தானே” என்பார்கள். வீடு பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் தொழுவமும் களஞ்சியமும்கூடப் பெரும்பாலும் அதில் சேர்த்தி. அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றவியல் குற்றம். எங்கே வளாகம் முடிகிறது என்பதில் வழக்கறிஞர்களே சண்டை போடுவார்கள். நீங்களாக முடிவு செய்யாமல் உள்ளூராட்சி மன்றத்தின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேளுங்கள். கூரையில் வௌவால் இருந்தால் அதற்கும் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு வேலை வேண்டாம். வெயிலில் செய்தால் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள், சீக்கிரம் காய்ந்தால் பொடிந்துவிடும். அடுத்த பெருமழையில் குடையோடு களஞ்சியத்தை ஒரு சுற்று சுற்றி, எந்தக் கூரைக்கால்வாய் எங்கே வழிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் அந்தக் குறிப்பை எனக்கு அனுப்புங்கள்.