கல்லாவை எண்ணினால் 'நெகட்டிவ்' ஆகிவிடுமா?

ஜூலை வந்தால் வருமான வரி ரிட்டர்ன் போட, ஆள்மேல் ஆள் சேர்த்துப் பொருள் விற்கும் நெட்வொர்க் மார்க்கெட்டிங்காரர்கள் வருவார்கள். கமிஷனில் முன்கூட்டியே பிடித்த வரியை (டிடிஎஸ்) திரும்ப வாங்கித் தரச் சொல்வார்கள், போகிற போக்கில் என்னையே சேர்க்கப் பார்த்து 'பிளான்' காட்டுவார்கள். சிரித்து அனுப்பிவிடுவேன். போன வாரம் வந்த தம்பியிடம் சிரிக்க முடியவில்லை.

"நாலு மாசமா எனக்குக் கீழே, டவுன்லைன்ல யாரும் சேரல சார். மனசே விட்டுப்போச்சு. மச்சான் வேற நெகட்டிவ்வாவே பேசுறாரு. அவர்கூடப் பேச்சைக் குறைச்சுக்கனு என்னைச் சேர்த்துவிட்ட அப்லைன் சொல்றாரு."

மச்சான் அப்படி என்னதான் கேட்டாராம்? "எவ்வளவு போட்டே, எவ்வளவு வந்துச்சு?"

இதுவா நெகட்டிவ்? இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஐயா நான் இருபது வருஷமாகச் சோறு தின்கிறேன். பெட்டிக்கடைக்காரர்கூட ராத்திரி கல்லாவை எண்ணிவிட்டுத்தான் கடையைச் சாத்துகிறார். அவருக்குத் தொழில்மீது நம்பிக்கை இல்லை என்று யாராவது சொல்வார்களா? நஷ்டம் வந்தால் சரக்கை மாற்றுவார், விலையை மாற்றுவார், இல்லையென்றால் கடையையே மாற்றுவார். இந்தச் சங்கிலியில் சேர்ந்த உங்களுக்கு மட்டும் "மனசை மாத்திக்க, அடுத்த மீட்டிங்குக்கு டிக்கெட் எடு" என்கிறார்கள். அந்த டிக்கெட் காசும் உங்களுடையதுதான்.

தம்பியை உட்காரவைத்து ஒரு வருஷக் கணக்கு எழுதினோம். கமிஷன் 38,400 ரூபாய். ஜாயினிங் பேக்கேஜ் 18,000. உறுப்பினர் ஐடியை 'ஆக்டிவ்'வாக வைக்க, பொருள் வாங்கியே தீரவேண்டிய பணம் மாதம் 4,500 வீதம் 54,000. மீட்டிங், பஸ், ஓட்டல் 21,000. ஆக 54,600 ரூபாய் கைநஷ்டம். பெட்ரோலைச் சேர்க்கவில்லை. வாங்கின ஷாம்புவில் பாதி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதாம்.

சோர்வு வராமல் என்ன செய்யும்? ஆளுக்கு ஆறு பேர் என்று சேர்த்துக்கொண்டே போனால் பத்தாவது மட்டத்தில் மொத்தம் 7.25 கோடிக்கும் மேல் ஆட்கள் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே, கைக்குழந்தை உட்பட, 7.21 கோடிதான்.

நேரடி விற்பனை குற்றமில்லை. சங்கிலியில் சேராத வெளியாளுக்குப் பொருளை விற்று, அதில் லாபம் பார்க்கிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள், நாலு பேர் கதவைச் சாத்தினால் ஐந்தாவது கதவைத் தட்டுங்கள். ஆள் சேர்த்தால்தான் காசு என்றால் விஷயம் வேறு. 1978-ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டப்படி, நடத்துகிறவர் மட்டுமல்ல, சேர்கிறவரும் குற்றவாளிதான். 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகளும், ஆள் சேர்ப்பதிலேயே காசு பார்க்கும் இந்த மாதிரி பிரமிடு திட்டத்தைத் தடை செய்திருக்கின்றன. மேடையில் கோட்டு போட்டுப் பேசுகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

இன்று ராத்திரியே ஒரு நோட்டில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை அடுத்த மாத 'ஆக்டிவ்' பணத்தைக் கட்டாதீர்கள். நகையை அடகு வைத்து ரேங்க் ஏறாதீர்கள், சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரா? ஒப்பந்தத்தில் விலகிக்கொள்ளும் கால அவகாசம் எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் எழுத்தில் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொகை பெரிதென்றால் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள்.

தம்பி எழுந்து போகும்போது, "அக்காவையும் நான்தான் சேர்த்துவிட்டேன் சார்" என்றார். அந்தக் கணக்குத்தாளை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தேன். முதலில் அக்கா வீட்டுக்குப் போங்கள், மச்சான் வீட்டில் இருக்கும்போதே போங்கள் என்றேன்.