பாதி மட்டும் திரும்பும் சாவி

"சிகரெட்டை விடச் சொல்ல டாக்டர் எதற்கு? அதைத்தான் வீட்டில் தினமும் சொல்கிறார்களே!" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். ஆனால் டாக்டர் வாய்க்கு ஒரு எடை உண்டு. 1979இல் மைக்கேல் ரஸ்ஸல் என்ற ஆய்வாளரின் குழு லண்டனில் இதை அளந்தே பார்த்தது. பொது மருத்துவர்களிடம் வேறு எதற்கோ வந்தவர்களில் புகைப்பவர்களைச் சில குழுக்களாகப் பிரித்தார்கள். எதுவும் சொல்லாமல் அனுப்பியவர்களில் ஓராண்டு கழித்தும் புகைக்காதிருந்தவர்கள் 0.3 சதவீதம். ஓரிரு நிமிட அறிவுரை, ஒரு துண்டறிக்கை, 'மறுபடி விசாரிப்போம்' என்ற முன்னறிவிப்பு, இவை மூன்றும் கிடைத்தவர்களில் 5.1 சதவீதம். வெறும் ஐந்துதானா என்று தோன்றும். செலவு இரண்டு நிமிடம்தான் என்பதையும் பாருங்கள்.

மீதிப் பேருக்குப் பேச்சு போதாது. மருந்துச் சீட்டு வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இழுத்த புகையிலிருந்து நிக்கோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். அங்கே அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளுக்காக இருக்கும் ஏற்பிகளில் (செல்லின் மேலுள்ள பூட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) உட்கார்ந்து, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனைச் சுரக்க வைக்கும். தொடர்ந்து புகைத்தால் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடும். இரவு முழுக்க நிக்கோட்டின் இல்லாமல் அவை காத்துக் கிடப்பதால்தான், காலையில் கண் விழித்ததும் கை பாக்கெட்டைத் தேடுகிறது.

வரெனிக்லின் என்ற மாத்திரை இதே ஏற்பியில்தான் போய் உட்காரும், அதுவும் நிக்கோட்டினைவிட இறுக்கமாக. ஆனால் பூட்டைப் பாதிதான் திறக்கும். கொஞ்சம் டோபமைன் வருவதால் தவிப்பு அடங்குகிறது. அப்புறம் ஆசைப்பட்டு ஒரு சிகரெட் பற்றவைத்தாலும் நிக்கோட்டினுக்கு உட்கார இடமில்லை. 'சப்பென்று இருக்கிறது' என்று பாதியிலேயே நசுக்கிவிடுவார்கள். அதனால்தான் சிகரெட்டை நிறுத்தப்போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையைத் தொடங்கச் சொல்வது வழக்கம். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். இப்படி ஒரு வேதியியல் கட்டிப்போட்டிருக்கும் ஆளிடம் 'உனக்கு மன உறுதி இல்லை' என்று சொல்வதை நான் அறியாமை என்றே சொல்வேன்.

வழக்கமாக 12 வாரம் சாப்பிட வேண்டும். காசு யார் தருவது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2006இல் ஏழைகளுக்கான காப்பீட்டுத் திட்டத்தில் சிகரெட்டை விட உதவும் மருந்துகளையும் ஆலோசனையையும் சேர்த்தது. இரண்டரை ஆண்டில் அத்திட்டத்தில் இருந்தோரில் புகைப்பவர்கள் 38 சதவீதத்திலிருந்து 28க்கு இறங்கினார்கள். பைபாஸுக்கு லட்சங்களை நீட்டிவிட்டு மூன்று மாத மாத்திரைக்குக் கையை விரிக்கும் காப்பீடு என்ன கணக்குப் போடுகிறதோ!

சரி, நிறுத்தியாயிற்று. டாக்டர் வேலை முடிந்ததா? இல்லை. புகையிலுள்ள தார் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிட்டிருக்கும். காபியின் கஃபைனை உடைப்பது அதே நொதி. புகை நின்றதும் அது தணிந்துவிடும். வழக்கமான காபியே இரத்தத்தில் கூடுதல் கஃபைனாகத் தேங்கிப் படபடப்பும் தூக்கமின்மையும் தரும். சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துப் பலர் மறுபடி பற்றவைப்பது இங்கேதான். அதே நொதி உடைக்கும் மருந்துகளான ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநோய்க்கான க்ளோசபின் சாப்பிடுபவர்களுக்கோ அளவையே குறைக்க வேண்டி வரும். ஆகவே, விட்ட தேதியை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.