பகல்நேர சீரியல் செய்தியை நம்புவதற்கு முன்

அமெரிக்காவின் பகல்நேர சீரியல்களைப் பற்றி எழுதுவதுதான் என் பிழைப்பு. டிவி பார்க்கச் சம்பளமா என்று கேட்பவர்கள் உண்டு. 1963-ல் தொடங்கிய ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ இன்றும் வாரத்துக்கு 5 நாள் வருகிறது. இடைவேளையிலேயே எழுந்துபோய் எந்த சினிமா விமர்சகரும் தீர்ப்பு எழுதுவதில்லை. எங்களுக்கு எப்போதுமே இடைவேளைதான்.

இந்தச் செய்திகளைப் படிப்பவர்கள், அவை எங்கிருந்து வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ‘அடுத்த வாரம் என்ன நடக்கும்’ என்ற முன்னோட்டங்களில் பெரும்பங்கு தயாரிப்புத் தரப்பின் விளம்பரப் பிரிவு கொடுப்பது. நடிகர் பேட்டியும் அவர்கள் வழியாகத்தான் அமையும். காட்டமாக எழுதிவிட்டால் யாரும் மிரட்ட மாட்டார்கள். அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பேட்டி, புகைப்படம், வரப்போகும் கதை எல்லாம் இருந்து குறை மட்டும் ஒன்றுகூட இல்லையென்றால், அதை விமர்சனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் வதந்திகள். நடிகர்களின் ஒப்பந்தங்களை 13 வாரச் சுற்றுகளாகக் கணக்கிடுவது இங்கே பழைய வழக்கம். ஒரு சுற்று முடியப்போகிறது என்றாலே ‘இன்னார் விலகுகிறார்’ என்று கிளம்பிவிடும். எபிசோடுகளோ முன்கூட்டியே படமாகிவிடுகின்றன. ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ பல மாதங்கள் முன்பே. ஆகவே, போன வாரம் ரசிகர்கள் திட்டினார்கள், இந்த வாரம் கதை மாறிவிட்டது என்று எவராவது எழுதினால் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம்.

இதற்கெல்லாம் விமர்சனம் தேவையா? தேவை. 1962-ல் ‘கைடிங் லைட்’ கதாசிரியர் ஆக்னஸ் நிக்சன், கருப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கதைக்குள் கொண்டுவந்தார். ‘புற்றுநோய்’, ‘கருப்பை’ என்ற சொற்களை உச்சரிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதியே கிடைத்தது. அந்தச் சொற்கள் இல்லாமலேயே சொல்ல வந்ததைச் சொன்னார். ‘அழுமூஞ்சி நாடகம்’ என்று ஒதுக்குகிறவர் கண்ணில் இந்தத் திறமை படாது.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சந்தை சுருங்கிவிட்டது. 1937-ல் வானொலியில் பிறந்த ‘கைடிங் லைட்’ 2009-ல் முடிந்தது. ‘ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்’ 2010-ல். இந்த சீரியல்களுக்கென்றே வந்த ‘சோப் ஓபரா டைஜஸ்ட்’ வார அச்சிதழும் 2023-ல் நின்றது. இதை மட்டும் நம்பி வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். பழகிப் பார்க்க ஆசையிருந்தால், 2025 பிப்ரவரியில் சிபிஎஸ் டிவி நெட்வொர்க் தொடங்கிய ‘பியாண்ட் த கேட்ஸ்’ இருக்கிறது. 1999-க்குப் பிறகு பெரிய நெட்வொர்க்குகளில் வந்த முதல் புதிய பகல்நேர சீரியல் அது. அரை நூற்றாண்டுக் கதையைப் பின்னால் துரத்த வேண்டியதில்லை.