ஆலை வெடித்தால் மதிலுக்கு வெளியே இருப்பவர்கள் நிவாரணம் பெறுவது எப்படி?

ரசாயன ஆலையில் விபத்து என்றதும் உள்ளே வேலை பார்த்தவர்களைத்தான் முதலில் நினைக்கிறோம். அவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீடு, இ.எஸ்.ஐ. என்று தனி வழி உண்டு. ஆனால் மதிலை ஒட்டிய தெருவில் ஜன்னல் கண்ணாடி சிதறி முகம் கிழிந்த குழந்தைக்கும், புகையில் மூச்சுத் திணறிய பாட்டிக்கும் யார் கொடுப்பது? அவர்களுக்காகவே 1991-ல் வந்தது பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இதன் பெயர்கூடத் தெரியாது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இதற்குப் பின்னால் போபால் இருக்கிறது. 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு நச்சு வாயு கசிந்தபோது, தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரமும் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட தவறுகளுக்கான ஆதாரமெல்லாம் ஆலைக்குள்ளேதான் கிடக்கும். வெளியே இருக்கும் ஏழைக் குடும்பம் அதை எங்கே போய்த் தேடும்?

அதனால்தான் இந்தச் சட்டத்தில், ஆலையின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அபாயகரமான பொருளைக் கையாண்டபோது விபத்து நடந்தது, அதனால் எனக்குப் பாதிப்பு என்று காட்டினால் போதும். சாலையில் கவிழும் ரசாயன டேங்கர் லாரிக்கும் இது பொருந்தும்.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம். விபத்து நடந்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முடிந்தவரை 3 மாதத்துக்குள் ஆட்சியர் முடிவு சொல்ல வேண்டும். விபத்து தெரிய வந்ததும் அதைச் சரிபார்த்து, விண்ணப்பிக்கும்படி ஊருக்கு அறிவிப்பதும் அவருடைய கடமைதான். அறிவிப்பு வரவில்லையென்றால் காத்திருக்காமல் நீங்களே போய்க் கொடுங்கள்.

உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் வெறும் ‘இருமல்’ என்று எழுதியிருந்தால், ஆலைப் புகையைச் சுவாசித்த பிறகு வந்தது என்பதையும் சேர்த்து எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் விபத்துக்கும் உங்கள் இருமலுக்கும் தொடர்பு காட்டுவது சிரமம்.

தொகை பெரிதல்ல. 1991-ல் சட்டத்தில் எழுதியது உயிரிழப்புக்கு 25,000 ரூபாய், சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய். ஒரு உயிருக்கு இது மிகவும் அற்பம். இன்றைய நிலவரத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இது உடனடி நிவாரணம் மட்டுமே. இதை வாங்கிக்கொண்ட பிறகும் முழு இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போகலாம். வாங்கிய தொகையை அதில் கழித்துக்கொள்வார்கள்.

அப்புறம், விபத்துக்கு முன்பே உங்களுக்கு ஒரு உரிமை இருக்கிறது. பெரிய விபத்து நேரக்கூடிய ஆலை, என்ன ஆபத்து வரலாம், வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சுற்றுவட்டார மக்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்கின்றன 1989-ம் வருட விதிகள். 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்தபோது, ஊரை எழுப்ப ஆலையின் அபாயச் சங்குகூட ஒலிக்கவில்லை. உங்கள் ஊரிலும் ஆலை இருந்தால், சங்கு ஒலித்தால் எந்தப் பக்கம் போவது, எங்கே கூடுவது என்று அடுத்த கிராம சபையில் எழுத்தாகவே கேளுங்கள்.